பொக்கெட் மணிக்கூட்டைக் கையில் கட்ட: மெஷின் பார்ப்பதிலிருந்து பின்மூடி இறுக்குவது வரை

வெள்ளிக் கேஸை உருக்கக் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த மெஷினை மட்டும் கடதாசியில் சுற்றி லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கைக்கு மாற்ற ஏற்றது அந்த மெஷின்தான். கேஸ், டயல், முள், சாவி எல்லாம் பொருந்தி ஓடிக்கொண்டிருக்கும் முழு மணிக்கூட்டில் கை வைக்கவேண்டாம். அதையும் கையில் கட்டியே ஆகவேண்டுமென்றால், தோலில் கிண்ணம்போல் தைத்த வார் ஒன்று போதும். முதலாம் உலகப் போருக்கு முன்பே படைவீரர்கள் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். மணிக்கூட்டில் ஒரு கீறலும் விழாது.

இனி வரும் சொற்கள்: மெஷின் என்றால் கேஸும் டயலும் நீக்கிய உள்ளுறுப்பு முழுவதும். சாவி என்றால் விரலால் திருகும் குமிழ். அதிலிருந்து உள்ளே போகும் கம்பி சாவித்தண்டு. வார் கோப்பதற்குக் கேஸில் நீட்டிக்கொண்டிருப்பது காது.

மெஷினைப் பார்த்துத் தெரிவது

டயலைக் கழற்றிவிட்டு மெஷினை மேசையில் டயல் பக்கம் மேலே இருக்க வையுங்கள். நடுவில் மணி முள்ளும் நிமிட முள்ளும் ஏறும் குழாய் தெரியும். சற்றுத் தள்ளி ஊசிபோல் நீளும் அச்சு செக்கன் முள்ளுக்கு. ஓரத்தில் சாவித்தண்டு. இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் நின்றால் அது லெப்பீன் வகை; மூடியில்லாத பொக்கெட் மணிக்கூட்டுக்கு உரியது, சாவி 12இல், செக்கன் 6இல். நடுவிலிருந்து பார்க்கும்போது சாவித்தண்டும் செக்கன் அச்சும் செங்கோணத்தில் நின்றால் அது சவோனெட் வகை. மூடி உள்ள மணிக்கூட்டுக்கு உரியது, சாவி 3இல், செக்கன் 6இல்.

கைக்கு வேண்டியது சவோனெட். பழைய டயலையே வைக்கலாம், சாவி வலப்பக்கம் தானாக வந்து நிற்கும். லெப்பீனைச் சாவி 3இல் நிற்கும்படி திருப்பினால் செக்கன் 9க்குப் போய்விடும், பழைய டயல் படுத்துக் கிடக்கும். அதற்குப் புது டயல் அடிக்கவேண்டும். இன்று கடையில் கிடைக்கும் யூனிடாஸ் என்ற சுவிஸ் மெஷின்களில் 6498 சவோனெட், 6497 லெப்பீன். இரண்டும் பிறந்தது பொக்கெட் மணிக்கூட்டுக்காகத்தான், இரண்டின் விட்டமும் 36.6 மி.மீ. இவ்வேலையை முதல்முறை செய்பவர் பாட்டன் காலத்து மெஷினைத் தொடுமுன் ஒரு 6498இல் கை பழகிக்கொள்வது நல்லது. உடைந்தால் உதிரிப்பாகம் கிடைக்கும்.

அடுத்தது பருமன். சுவிஸ் மெஷின்களை லீன் கணக்கில் சொல்வார்கள்; 1 லீன் 2.256 மி.மீ. 16½ லீன் மெஷின் 42 முதல் 44 மி.மீ. வரையான கேஸுக்குள் அடங்கும். 19 லீன் என்றால் மெஷினே ஏறத்தாழ 43 மி.மீ., கேஸ் 49ஐத் தாண்டும். அமெரிக்க மெஷின்களில் 16 சைஸ் என்று சொல்வது 43.2 மி.மீ., 12 சைஸ் 39.8, 6 சைஸ் 34.7. மணிக்கட்டின் மேற்பக்க அகலத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். இரு காது நுனிகளுக்கும் இடைப்பட்ட நீளம் அந்த அகலத்தைத் தாண்டினால் கையில் தட்டு வைத்துக் கட்டியது போலிருக்கும்.

சிலவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். தனிச் சாவியால் முறுக்கும், உள்ளே சங்கிலி சுற்றும் ஆங்கிலேய மெஷின்கள் தடிப்பானவை, கேஸுக்கு வெளியே நீளும் சாவித்தண்டே அவற்றில் இல்லை. சிலிண்டர் வகையில் பாலட், அதாவது பல்சக்கரத்தைப் பல் பல்லாக விடும் கவை, இருக்காது. பல்சக்கரம் நேரே பாலன்ஸின், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தைப் பிரிக்கும் சக்கரத்தின், குழாயில் உரசும். அந்தக் குழாய் தேய்ந்திருக்கும், மாற்றக் கிடைக்காது. 1867இல் வந்த ரொஸ்கோப் வகையும் அதன் மலிவான வாரிசுகளும் பாலட்டில் கல்லுக்குப் பதில் ஊசி வைத்து ஓடுபவை. ஓடும், ஆனால் கேஸுக்குக் கொடுக்கும் காசுக்கு ஈடாகாது.

அமெரிக்க மெஷின்கள் பலவற்றில் வேறொரு பொறி இருக்கிறது. சாவித்தண்டும் அதைப் பிடித்து நிறுத்தும் பிளவுபட்ட குழாயும் மெஷினில் இல்லை, கேஸின் கழுத்தில் இருக்கின்றன. கேஸ் உருகிப் போனபோது அவையும் போய்விட்டன. தண்டு அழுத்தாதவரை அந்த மெஷின் முள் திருப்பும் நிலையிலேயே நிற்கும். சாவி கொடுத்தால் ஸ்பிரிங் ஏறாது, முள்தான் சுற்றும். பழுது என்று நினைத்து மெஷினைக் குடைந்து கெடுப்பவர்கள் உண்டு. அதற்குத் தேவை அதே குழாய் வைத்த கேஸ். லேத் வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

திருகோணமலைக்கென்று ஓர் எச்சரிக்கை. பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து 1957இல்தான் போனது. பின்மூடியில் அகன்ற அம்பு முத்திரையும் அதோடு எழுத்தும் இலக்கமும் வெட்டிய மணிக்கூடு கையில் கிடைத்தால் அது படைத்துறைப் பொருள். மாற்றினால் மதிப்புப் போய்விடும். அதைவிட முக்கியம், அக்காலத்து ஒளிரும் டயல்களில் எண்ணிலும் முள்ளிலும் பூசியது ரேடியம். இப்போது இருட்டில் ஒளிராது, ஏனென்றால் கூடக் கலந்த துத்தநாகச் சேர்மம் செத்துவிட்டது. ரேடியம் சாகவில்லை, அது பாதியாகவே 1600 ஆண்டு வேண்டும். பழுப்பு மஞ்சளில் பொருக்குத் தட்டியிருந்தால் சுரண்டவோ, ஊதவோ, கழுவவோ வேண்டாம். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. மூடி வைத்துவிடுங்கள்.

கழுவி எண்ணெய் போடுதல்

கேஸுக்கு ஓடர் கொடுக்குமுன் மெஷின் ஒழுங்காக ஓடவேண்டும். செத்த மெஷினுக்கு அளவெடுத்துக் கேஸ் செய்வது வீண்.

எதையும் கழற்றுமுன் ஸ்பிரிங்கின் முறுக்கைத் தளர்த்துங்கள். சாவியை விரலால் பிடித்துக்கொண்டு, பல்லைத் தடுக்கும் கொக்கியை மரக்குச்சியால் விலக்கி, சாவி விரலுக்குள் மெல்லத் திரும்பி வர விடவேண்டும். முறுக்கோடு, சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் பாலத்தைக் கழற்றினால் சக்கரப் பல்லும் அச்சும் ஒரு நொடியில் போகும்.

கழுவ, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெற்றோல் நல்லது. வாகனப் பெற்றோல் படிவு விடும். பாலட்டையும் பாலன்ஸையும் மட்டும் ஸ்பிரிட்டில் போடவேண்டாம். அவற்றின் கற்கள் அரக்கால் ஒட்டியவை, ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும், கல் கழன்று கிண்ணத்தின் அடியில் கிடக்கும்.

எண்ணெயில் வேகமாகச் சுற்றும் அச்சுகளுக்கு மோபியஸ் 9010, மெதுவான கனத்த அச்சுகளுக்கு எச்பி 1300, பாலட் கல்லின் முகத்துக்கு 9415. பாலட்டின் அச்சுக்கு எண்ணெய் போடக்கூடாது. பாலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் ஒரு துளியும் படக்கூடாது. படிந்தால் இரண்டு சுற்று ஒட்டி, ஸ்பிரிங் குட்டையானது போலாகி, மணிக்கூடு நாளுக்குப் பல நிமிடம் முன்னே ஓடும். காந்தம் ஏறினாலும் இதே அறிகுறிதான். ஒலிபெருக்கிக்கும் போன் கவரின் காந்தப் பூட்டுக்கும் பக்கத்தில் பழைய மெஷினை வைக்கவேண்டாம். சந்தேகமிருந்தால் திசைகாட்டியைப் பாலன்ஸுக்கு மேல் பிடியுங்கள். ஊசி ஆடினால் காந்தம் நீக்கவேண்டும்.

மெயின் ஸ்பிரிங்கை அது சுருண்டிருக்கும் டிரம்மிலிருந்து எடுத்ததும் அது நன்றாக விரியவேண்டும். டிரம்மின் அளவிலேயே சுருண்டு கிடந்தால் களைத்துவிட்டது. அகலம், தடிப்பு, நீளம், டிரம்மின் உள்விட்டம் நான்கையும் அளந்து துருப்பிடிக்காத புதியதை வரவழையுங்கள்.

நேரம் சரிபார்க்கும் கருவியில் முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, பாலன்ஸின் வீச்சு 250 பாகைக்கு மேல் இருந்தால் திருப்தி. 6497, 6498 இரண்டுக்கும் லிஃப்ட் கோணம் (பாலட்டோடு தொட்டிருக்கையில் பாலன்ஸ் திரும்பும் கோணம்) 44 பாகை என்று கருவியில் போடவேண்டும். தவறான கோணம் போட்டால் இல்லாத நோயைக் காட்டும். 200க்குக் கீழே நின்றால் அழுக்கோ, காய்ந்த எண்ணெயோ, தேய்ந்த அச்சோ மிச்சமிருக்கிறது.

கடலோரத்தில் இவ்வேலை செய்பவருக்கு விரல்தான் எதிரி. வாடைக் காலத்தில் வியர்வை விரலால் தொட்ட எஃகுப் பாகத்தில் விடிவதற்குள் ரேகை அச்சுப்போல் துரு பிடித்திருக்கும். விரலுறை போடுங்கள், சாமணத்தால் மட்டும் எடுங்கள், கழுவியவற்றை அன்றே பூட்டுங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று காய்ந்திருக்கும், துரு குறைவு, ஆனால் தூசி தாங்காது. யன்னலைச் சாத்தி, ஃபானை நிறுத்தி, விடியற்காலையில் உட்காருவதே வழி.

அளவெடுத்தல்

வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. வேணியரால் 0.05 மி.மீ. வரைக்கும், முடிந்தால் நுண்மானித் திருகுக்கணிச்சியால் 0.01 வரைக்கும் அளக்கவேண்டும். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை, மூன்று இடத்தில் எடுங்கள். பழைய தட்டுகள் எல்லாம் சரி வட்டமல்ல.

மெஷினின் மிகப் பெரிய விட்டம், அது அமரும் விளிம்பின் தடிப்பு, அந்த விளிம்புக்குக் கீழான சிறிய விட்டம், தட்டிலிருந்து பின்பக்கத்தின் மிக உயர்ந்த திருகாணி வரை உயரம், டயலின் விட்டமும் தடிப்பும், டயலுக்கு மேல் நிமிடக் குழாய் நிற்கும் உயரம். இவ்வளவும் எல்லோரும் எடுப்பார்கள். தவறவிடுவது சாவித்தண்டின் நடுக்கோடு.

டயல் அமரும் பரப்பிலிருந்து தண்டின் மையம் எவ்வளவு கீழே என்று தெரியவேண்டும். தண்டைச் செருகி, மெஷினை டயல் பக்கம் கீழாகத் தட்டையான கண்ணாடியில் வைத்து, கண்ணாடிக்கும் தண்டின் அடிக்கும் இடைவெளியை அளந்து, தண்டின் பாதி விட்டத்தைக் கூட்டுங்கள். நடுக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் கண்ணாடிக்குப் பதில் நடுவில் துளையிட்ட தகடு. இடைவெளி 1.05, தண்டு 1.50 என்றால் மையம் 1.80. கேஸின் துளை இதிலிருந்து 0.1 மி.மீ. விலகினாலே தண்டு சாய்ந்து உரசும். முதலில் சாவி கொடுக்கக் கடினமாயிருக்கும், சில மாதத்தில் தண்டு கழுத்தில் முறியும். 16½ லீன் என்று எழுதியிருப்பதை நம்பி 6498இன் கேஸை வேறு கம்பனி மெஷினுக்கு வாங்கி ஏமாறுவது இதனால்தான். விட்டம் பொருந்தும், துளை பொருந்தாது.

கேஸ்

316எல் என்ற துருப்பிடிக்காத எஃகு எடுங்கள். முலாம் பூசிய பித்தளை இந்த ஊரின் வியர்வைக்கும் உப்புக்கும் காதின் அடியில் பச்சை பூக்கும். உயரத்தைக் கூட்டிப் பாருங்கள்: மெஷின் 4.5, உலோக டயல் 0.4, முள்களுக்கும் கண்ணாடிக்கும் இடையில் விடும் வெளியோடு சேர்த்து 1.8, கண்ணாடி 1.5 முதல் 2, பின்மூடியும் அதன் இடைவெளியும் 1.5. 10 மி.மீ. அளவில் நிற்கும். எனாமல் டயல் என்றால் இன்னும் அரை மில்லிமீற்றர் கூடும். அதை மறந்து கேஸ் செய்வித்தால் செக்கன் முள் கண்ணாடியில் உரசி மணிக்கூடு அடிக்கடி நிற்கும், குற்றம் மெஷின் மேல் விழும்.

மெஷின் கேஸைவிடச் சிறியதென்றால் இடையில் வளையம் வேண்டும். பித்தளையில் கடையுங்கள். அலுமினியம் எஃகோடு ஒட்டி உப்பு ஈரத்தில் அரிபடும். வளையத்தின் உள்விட்டம் மெஷினைவிட 0.03 கூட, வெளிவிட்டம் கேஸைவிட 0.04 குறைய. சாவித்தண்டுக்கு 1.5 மி.மீ. தண்டென்றால் 2 மி.மீ. துளை. வள்ள எஞ்சின் பார்க்கும் லேத் பட்டறையில் இதைக் கொடுக்க நினைப்பீர்கள். இயந்திரம் பெரிதென்பது குறையில்லை, வளையத்தை நசுக்காமல் பிடிப்பதுதான் பிரச்சினை. தடித்த பித்தளை உருளையிலேயே உள்ளும் புறமும் கடைந்து முடித்து, கடைசியில் வெட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். மூன்று தாடைச் சக்கில் மெல்லிய வளையத்தை இறுக்கினால் வெளியே வருவது முக்கோணம்.

பழைய கேஸிலேயே காது வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். கேஸ் அசல் வெள்ளியாகவும் மதிப்புக் குறைந்ததாகவும் இருந்தால் பத்தரிடம் கொடுக்கலாம். மெஷின், டயல், கண்ணாடி, கழுத்தில் இருக்கும் ஸ்பிரிங் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடவேண்டும். வெண்காரம் போட்டு வெள்ளிப் பொடியால் பற்றவைக்கும் சூடு 650 பாகை சென்டிகிரேட்டைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஸ்பிரிங் செத்துப்போகும். ஈயப்பற்று வேண்டாம், ஒருநாள் காது கையோடு வரும். தங்கத் தகடு போர்த்திய கேஸைச் சூடாக்கவே கூடாது, தகடு பொங்கிக் கொப்பளிக்கும்.

டயலும் முள்ளும்

எனாமல் டயலின் காலைப் பிடிக்கும் சிறு திருகாணிகள் மெஷினின் ஓரத்தில் இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் டயல் தானாக எழும். நெம்பினால் முடி போன்ற வெடிப்பு நடுவிலிருந்து ஓடும், அதை ஒட்ட முடியாது. திருகாணிகளைத் திரும்ப இறுக்கும்போதும் முட்டும் வரைதான்.

லெப்பீனுக்குப் புது டயல் அடிப்பதென்றால் 0.4 மி.மீ. பித்தளைத் தகடு எடுங்கள். கால் நிற்கும் இடங்களைப் பழைய டயலிலிருந்து மாற்றிக் குறித்துவிட்டு, எழுத்தை மட்டும் கால் சுற்று திருப்பி அச்சிடவேண்டும். கால்களைத் திருப்பிவிட்டு எழுத்தை அப்படியே விடுகிறவர்களுக்கு டயல் தட்டில் அமராது. கால் இல்லாமல் இரட்டைப் பக்கப் பசை நாடா ஒட்டுவதும் உண்டு. நமது வெயிலில் பசை இளகும், டயல் நகரும், செக்கன் அச்சு துளையின் ஓரத்தில் உரசும்.

முள்களைப் பூட்டியபின் சாவியை இழுத்து 12 மணித்தியாலம் முழுவதும் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு மணியிலும் ஒன்றுக்கொன்று தாள் நுழையும் இடைவெளி வேண்டும்.

சாவித்தண்டு வெட்டுதல்

மெஷினைக் கேஸில் இருத்தி, இரு திருகாணியால் பிடித்து, வெட்டாத தண்டில் சாவியை முழுவதும் திருகி, சாவி கொடுக்கும் நிலைக்கு உள்ளே தள்ளுங்கள். சாவிக்கும் கேஸுக்கும் இடையில் தெரியும் வெளியை அளங்கள். 3.2 மி.மீ. என்றால் 2.8 மட்டும் வெட்டுங்கள், மீதியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக. நுனியின் பிசிறை நீக்காமல் சாவியைத் திருகினால் மரை கெடும். முடிவில் சாவி கேஸிலிருந்து 0.1 முதல் 0.2 மி.மீ. தள்ளி நிற்கவேண்டும். முட்டினால் தண்டு தன் இடத்தில் அமராமல் முள் திருப்பும் நிலைக்கு வழுகும். அதிகம் தள்ளி நின்றால் உள்ளிருக்கும் றப்பர் வளையம் பிடிக்காது, உப்பு ஈரம் வழி கண்டுபிடிக்கும். கூடுதலாக வெட்டிய தண்டு குப்பைக்குத்தான், ஆகவே எப்போதும் இரண்டு தண்டு வாங்குங்கள்.

மூடுதல்

30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்றை உள்ளே வைத்து மூடினால், கண்ணாடி 26 பாகைக்குக் குளிர்ந்ததும் உள்ளே பனி படரும். அதற்கு ஏசி போட்ட ஒரு வங்கிக்குள் போனாலே போதும். ஆகவே மெஷினைப் பூட்டிய கேஸைப் பின்மூடி திறந்தபடி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். காலையில் றப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகப் பூசி, டப்பாவைத் திறந்த கையோடு மூடியை இறுக்குங்கள். பிறகு கண்ணாடியில் ஒரு ஐஸ் துண்டை ஒரு நிமிடம் வைத்துத் துடைத்துப் பாருங்கள். உட்புறம் மங்கினால் மீண்டும் டப்பாவுக்குள்.

மூன்று பார் நீரழுத்தம் தாங்கும் என்று கேஸில் எழுதியிருந்தாலும் நிலாவெளியில் குளிக்க இறங்கும்போது கழற்றிவிடவேண்டும். இப்படி மாற்றிய மணிக்கூட்டுக்கு மழைத்தூறலும் கை கழுவுவதும் தாங்கினால் போதும். தோல் வாரும் இங்கே நாறிப்போகும். றப்பரோ கன்வசோ கட்டுங்கள்.

அடி தாங்காது என்பதையும் கட்டுபவருக்குச் சொல்லிவிடுங்கள். பாலன்ஸ் அச்சின் நுனி 0.1 மி.மீ. அளவுதான், ஏறத்தாழத் தலைமயிர். இன்காபுளொக் போன்ற அதிர்ச்சித் தாங்கிகள் 1930களில் வந்தவை. அதற்கு முந்திய மெஷினோடு கிரிக்கெட் அடிக்கவும் கூடாது, மோட்டார்சைக்கிளைக் கிக்கர் அடித்து எழுப்பவும் கூடாது.

கைக்கு ஏற்ற நேரம்

சட்டைப்பையில் மணிக்கூடு சாவி மேலே பார்க்கத் தொங்கும். செப்பனிட்டவர்கள் அந்த நிலைக்குத்தான் சரிசெய்தார்கள். இடக்கையில் கட்டி, கையைத் தொங்கவிட்டால் சாவி கீழே பார்க்கும், நேர் எதிர் நிலை. பாலன்ஸ் ஒரு பக்கம் சற்றே கனத்திருந்தால், பைக்குள் நாளுக்கு 20 செக்கன் முந்திய மணிக்கூடு கையில் 20 செக்கன் பிந்தும். மெஷின் மாறவில்லை, நிலை மாறியிருக்கிறது. ஆகவே கருவியில் சாவி கீழே, டயல் மேலே, 12 மேலே என்ற மூன்று நிலையிலும் பார்த்து, கைக்கு அதிகம் வரும் முதல் இரண்டின் சராசரி பூச்சியத்துக்கு அருகே வரும்படி, பாலன்ஸுக்கு மேலிருந்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பைத் தள்ளுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் நின்றால் நெம்பு உதவாது, பாலன்ஸின் எடையைச் சமன்செய்யவேண்டும். அந்த வேலை கை தேர்ந்தவருக்கு.

ஒரு வாரம் கட்டிப் பாருங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, போன் நேரத்தோடு ஒப்பிட்டு எத்தனை செக்கன் என்று எழுதுங்கள். நூறாண்டு மெஷின் நாளுக்கு 30 செக்கனுக்குள் நின்றால் மிக நல்லது, ஒரு நிமிடத்துக்குள் என்றால் குறை சொல்ல இடமில்லை. ஏழு நாளும் ஒரே பக்கம் பிந்தினால் பின்மூடியைத் திறந்து நெம்பை மயிரளவு தள்ளி, மறுபடியும் சிலிக்கா ஜெல் டப்பாவில் ஓர் இரவு வைத்து மூடுங்கள். ஒரு நாள் முந்தி ஒரு நாள் பிந்தினால் நெம்பைத் தொடவேண்டாம். இரவில் எந்தப் பக்கம் சாய்த்து வைக்கிறீர்கள் என்று பாருங்கள்.